எங்கள் ஊர்க் காற்றை அளந்த நாள்

நாலைந்து வருடங்களுக்கு முன்பு, பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு காலை. பெரம்பலூர் புதுப் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ் ஏறி, மடியில் ஒரு மரப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். பெட்டியை மேலே வைக்கச் சொன்னார் கண்டக்டர். உள்ளே கண்ணாடி இருக்கிறது, மாட்டேன் என்றேன். பக்கத்து சீட் அம்மா, நான் ஏதோ சாமி சிலை கொண்டுபோகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, கால் படாமல் ஒதுங்கி உட்கார்ந்துகொண்டார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. போகிற இடம் என் பிறந்த ஊர்தான். ஆனால் போகிற வேலை அப்படி.

பெரம்பலூர் பக்கம் ஒரு கல்லூரியின் சுற்றுச்சூழல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். கல்யாணமாகிக் குரும்பலூருக்கு வந்து பல வருடங்கள் ஆகின்றன. பிறந்து வளர்ந்தது அரியலூர் மாவட்டத்தில், சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கத்தை ஒட்டிய ஒரு சின்ன ஊர். கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் ஊருக்கு நடுவேதான் போகும். கொடியில் காயப்போட்ட துணியை உதறாமல் மடிக்க முடியாது. முந்திரி பூக்கிற காலத்தில் பூவின் மேலெல்லாம் வெள்ளையாகப் படிந்து கிடக்கும். என் அண்ணன் அங்கே முந்திரிக் கொல்லை வைத்து விவசாயம் பார்க்கிறார். அவருடைய சின்ன மகளுக்கு நடக்கப் பழகிய நாளிலிருந்தே இளைப்பு.

அண்ணன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஊரைக் கூட்டி லாரிகளை மறித்தார். மனு கொடுத்தார். தூசி அவ்வளவு ஒன்றும் இல்லை என்று சுரங்கத்துக்காரர்கள் ஒரு ரிப்போர்ட்டைக் காட்டினார்கள். உடனே இவர் திருச்சிக்குப் போய், ஒரு தன்னார்வக் குழுவிடமிருந்து தூசி அளக்கிற மிஷின் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். அந்தக் குழுவினரே வந்து அளந்து கொடுத்த எண், அரசு வைத்திருக்கிற வரம்பைப்போல் பல மடங்கு. அதைப் பெரிய பேனராக அடித்து ஊர் முகப்பில் கட்டிவிட்டார். பஸ்ஸில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்த்துப் படிப்பார்கள்.

கடைசியில் தாசில்தார் முன்னால் பேச்சுவார்த்தை நடந்தது. இரண்டு பேருடைய மிஷினையும் ஒரே இடத்தில், ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஓட்டுவது என்று முடிவானது. ஓட்டுவதற்கு முன்னால் இரண்டும் சரியாக இருக்கின்றனவா என்று பொதுவான ஓர் ஆள் பார்க்க வேண்டும். அந்த வேலை எங்கள் கல்லூரிக்கு வந்தது, கல்லூரியிலிருந்து என்னிடம் வந்தது. அது என் பிறந்த ஊர், போராட்டத்தை நடத்துகிறவர் என் அண்ணன் என்று எங்கள் துறைத் தலைவரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் இரண்டு தரப்பையும் கேட்டார். சுரங்கத்துக்காரர்கள் ஆட்சேபணை இல்லை என்றார்கள். அண்ணனோ போனிலேயே சிரித்தார். "நம்ம புள்ளையே வருது, அப்பறம் என்ன?"

அந்தச் சிரிப்புதான் என்னைப் படுத்தியது.

அந்த மிஷினைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இடுப்புயரத்துக்கு ஒரு தகரப் பெட்டி, மேலே சின்னக் கூரை. உள்ளே ஒரு மோட்டார் வெளிக் காற்றை இழுக்கும். காற்று ஒரு வெள்ளை ஃபில்டர் தாள் வழியாகப் போகும், தூசி தாளில் தங்கிவிடும். தாளை முன்னும் பின்னும் எடை போட்டால் தூசி எவ்வளவு என்று தெரியும். ஆனால் அது எவ்வளவு காற்றிலிருந்து வந்த தூசி என்று தெரியாவிட்டால் அந்த எடைக்கு அர்த்தமே கிடையாது. ஒரு படி அரிசியில் எத்தனை கல் என்று கேட்டால், முதலில் படி சரியான படியாக இருக்க வேண்டும் அல்லவா, அதைப் போலத்தான். மிஷின் எவ்வளவு காற்றை இழுக்கிறதாகத் திரையில் காட்டுகிறதோ, அவ்வளவைத்தான் உண்மையில் இழுக்கிறதா என்று பார்ப்பதற்கான கருவிதான் என் மடியில் இருந்தது. துளைகள் போட்ட கனமான உலோகத் தொப்பி ஒன்று, அதோடு தண்ணீர் ஊற்றிய வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று. தொப்பியை மிஷினின் வாயில் பொருத்தி மோட்டாரை ஓட்டினால், குழாயில் தண்ணீர் ஒரு பக்கம் ஏறும். எவ்வளவு ஏறுகிறதோ அதற்குத் தக்க காற்று.

அரியலூரில் இறங்கி டவுன் பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். அண்ணன் ஸ்டாப்பிலேயே நின்றிருந்தார். வீட்டுக்குக் கூட்டிப் போனார். குழந்தைக்கு நெபுலைசர் வைத்துவிட்டுக்கொண்டிருந்தார் அண்ணி. முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களால் குழந்தை என்னைப் பார்த்து அத்தை என்று சொல்லப் பார்த்தாள். பேசாதடி என்று அதட்டினார் அண்ணி. மோர் கொடுத்தார்கள். பாதியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மிஷின்கள் இரண்டும் சமுதாயக் கூடத்தின் மொட்டை மாடியில் இருந்தன. கீழே ஊரே கூடியிருந்தது. மாடியில் நான், அண்ணன், வருவாய் ஆய்வாளர், சுரங்கத்தின் சுற்றுச்சூழல் அதிகாரி என்று நாலு பேர்தான். அதிகாரிக்கு என் வயது இருக்கும். பூட்ஸ் காலோடு வெயிலில் நின்று நான் செய்வதையெல்லாம் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

முதலில் அவர்களுடைய மிஷின். தொப்பியைப் பொருத்தி ஓட்டினேன். திரையில் காட்டியதும் தண்ணீர் ஏறி நின்றதும் ஒத்துப்போயின. ஒரு குறையும் இல்லை. கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் நின்ற அண்ணன் கீழே பார்த்து, "அவங்களுது சரியாத்தான் இருக்காம்" என்று சொன்னார். கீழே முணுமுணுப்பு எழுந்தது. அவர்கள் மிஷினில் தப்பு இருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும்தான். பிறகுதான் தெரிந்தது, அவர்கள் அதுவரை அளந்ததெல்லாம் ரோட்டிலிருந்து தள்ளி, மரங்களுக்கு நடுவே இருக்கிற அவர்களுடைய ஆபீஸ் வளாகத்தில். மிஷின் சரி, வைத்த இடம்தான் சௌகரியமான இடம்.

அடுத்தது நம்முடையது. தொப்பியைப் பொருத்தி மோட்டாரை ஓட்டினேன். தண்ணீர் ஏறியது. நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டி ஏறியது. அங்கேயே நின்று லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

காற்று அடிக்கிறது, அதனால்தான் என்று நினைத்தேன். துப்பட்டாவை விரித்து மறைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அதே இடம். தொப்பி சரியாக உட்காரவில்லையோ என்று கழற்றி, துடைத்து, மறுபடி இறுக்கினேன். அதே இடம். கண்ணாடிக் குழாயில் குமிழி இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தேன். என் கருவியே கெட்டுவிட்டதோ என்று திரும்பப் போய் அவர்கள் மிஷினில் வைத்துப் பார்த்தேன். அங்கே ஒழுங்காகக் காட்டியது.

மிஷினின் பக்கக் கதவைத் திறந்தேன். எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதை அந்த மிஷின் ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வழியாகத்தான் தெரிந்துகொள்ளும். காற்று குறைந்தால் மோட்டாரை வேகப்படுத்தும், கூடினால் மட்டுப்படுத்தும். அந்த ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்தபோது, வெயிலில் காய்ந்து ஓர் இடத்தில் வெடித்திருந்தது தெரிந்தது. தலைமுடி கனத்துக்குத்தான் வெடிப்பு. அது போதும். காற்று குறைவாகப் போகிறது என்று எப்போதும் தப்பாகவே நினைத்துக்கொண்டு, மிஷின் மோட்டாரை விரட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. திரையில் மட்டும் ஒழுங்கான எண். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. யாருக்கும் தெரியவும் இல்லை.

என் முகத்தைப் பார்த்தே அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வரச்சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

"என்ன புள்ள, மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?"

"நம்ம மிஷினு காட்டுறதவிட நெறையாக் காத்த இழுக்குதுண்ணே."

"நெறையா இழுத்தா நல்லதுதான?"

"ஒரு படின்னு சொல்லிட்டு ஒன்றரைப் படி அரிசியில கல்லு பொறுக்கினா எப்படி? கல்லு கூடத்தான வரும்."

அண்ணன் தொட்டிச் சுவரில் கையை வைத்துக்கொண்டு ஊர் முகப்புப் பக்கம் பார்த்தார். பிறகு, "அப்ப பேனர்ல போட்டது?" என்றார்.

"அவ்வளவு இருக்காதுண்ணே."

"இந்த டியூபு மாத்துனா சரியாயிருமா?"

"மாத்திட்டு மறுபடி செட் பண்ணணும். சரியாயிரும்."

"அப்ப மாத்திட்டு, சரியா இருக்குன்னு சொல்லிட்டுப் போயேன். இனிமே ஒழுங்காத்தான ஓடப்போவுது? பழச எதுக்குக் கெளப்புற?"

அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிற மாதிரிகூட இருந்தது. அங்கே நின்றிருந்த மற்ற இரண்டு பேரும் அந்த வெடிப்பைக் கவனித்திருக்கவில்லை. இணைப்பு தளர்ந்திருந்தது, மாற்றிவிட்டேன் என்று சொன்னால் முடிந்தது.

"தூசி இருக்குறது ஒனக்குத் தெரியாதா? நீ இந்த ஊர்ல பொறக்கலையா? வூட்ல அந்தப் புள்ள மூச்சு விடுறது ஒன் காதுல விழலையா?" அண்ணனின் குரல் உடைந்தது. அப்பா இறந்த அன்றுகூட அவர் குரல் உடைந்து நான் கேட்டதில்லை.

"தூசி நெசந்தாண்ணே. நம்ம நம்பருதான் தப்பு" என்றேன்.

இதைச் சொன்னபோது எனக்குப் பெரிய தைரியம் இருந்ததாக யாரும் நினைத்துவிட வேண்டாம். பழைய எண் தப்பு என்பதை மறைத்தால், இன்று குறைவாக வருவதைக் காட்டி தூசி குறைந்துவிட்டது என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள், அதனால் சொல்வதே ஊருக்கு நல்லது என்றெல்லாம் பின்னால் பல பேரிடம் விளக்கியிருக்கிறேன். அந்தக் காரணம் அப்புறம் யோசித்தது. அந்த நேரத்தில், அளந்து பார்த்ததை அளக்காத மாதிரி சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

வருவாய் ஆய்வாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எங்களோடு கீழே இறங்கி ஊராரிடம் சொன்னார். ஒரே நேரத்தில் எல்லாரும் கத்தினார்கள். எவ்வளவு வாங்கிக்கொண்டாள் என்று ஒருவர் கேட்டார். கட்டிக்கொடுத்த பிறகு அவளுக்கு இந்த ஊர் என்ன, எந்த ஊர் என்ன என்றார் இன்னொருவர். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள் என்னைப் பார்த்தும் பாராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கத்தியவர்களைவிட அதுதான் அதிகம் வலித்தது. அண்ணன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே போனார்.

சுரங்கத்து அதிகாரி மட்டும் சிரித்தார். "அப்ப டெஸ்ட்டே தேவையில்லையே மேடம். இவங்க சொன்னது தப்புன்னு நீங்களே சொல்லிட்டீங்களே" என்றார்.

அதுவரை அடங்கியிருந்த ஏதோ ஒன்று எனக்குள் எழுந்தது. "அவங்க நம்பர் தப்புன்னுதான் சார் சொன்னேன். தூசி இல்லைன்னு நான் சொல்லலையே" என்றேன்.

வருவாய் ஆய்வாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "டியூபு மாத்தினதுக்கப்பறம் ரெண்டும் சரியா இருக்குன்னு சொல்லுவீங்களாம்மா?"

"அளந்து பாத்துச் சொல்றேன் சார்."

என் பெட்டியில் உபரி ரப்பர் குழாய் இருந்தது. மாடிக்குத் திரும்பி, அதை வெட்டிப் பொருத்தினேன். திரும்ப அளவை அமைத்து, தொப்பியை வைத்தேன். தண்ணீர் இந்த முறை கோட்டில் வந்து நின்றது. அதிகாரியைக் கூப்பிட்டு, குனிந்து பார்க்கச் சொன்னேன். அவர்கள் மிஷினில் வைத்தும் பார்க்கச் சொன்னேன். இரண்டும் சரி என்று அவர் வாயாலேயே சொல்லவைத்த பிறகுதான் புதுத் தாள்களை மாட்டி மோட்டார்களை ஓடவிட்டேன். மாலை வரைக்கும் ஓட வேண்டும்.

இனிமேல் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. ஆனால் உட்கார முடியவில்லை. ஒரு மிஷினிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தேன். திரையைப் பார்த்தேன், மோட்டார் சத்தத்தைக் கேட்டேன், மறுபடி நடந்தேன். மாடியிலிருந்து பார்த்தால் ரோடு தெரிந்தது. அந்த ரோட்டில் சுரங்கத்தின் தண்ணீர் டேங்கர் ஒன்று, தரையை நனைத்துக்கொண்டே மெதுவாக வந்தது. நான் வளர்ந்த ஊரில் ரோட்டுக்குத் தண்ணீர் தெளித்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்து வருகிறது. அப்போதுதான் அண்ணன் எங்கே போனார் என்று தெரிந்தது. நடு ரோட்டில் போய் டேங்கருக்கு முன்னால் நின்றார். கூட நாலைந்து பேர்.

"தெனமும் தெளிக்கிறதுன்னா தெளி. இன்னைக்கு மட்டும்னா திருப்பு வண்டிய!"

தூசியில் சாகிறோம் என்று மறியல் செய்த ஊர், தண்ணீர் தெளிக்காதே என்று மறியல் செய்தது அன்றைக்குத்தான். வருவாய் ஆய்வாளர் போய்ப் பேசினார். டேங்கர் திரும்பிப் போனது. லாரிகள் வழக்கம் போல் ஓடத் தொடங்கின. அண்ணன் அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. ரோட்டோரத்துப் புளிய மரத்தடியில் குந்திக்கொண்டு, போகிற வருகிற லாரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட மாடிப் பக்கம் நிமிரவில்லை.

மத்தியானம் யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. அந்த ஊரில் எனக்குச் சோறு இல்லாமல் போகும் என்று கனவிலும் நினைத்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து அண்ணி தூக்குவாளியோடு மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"சாப்புடு" என்றார்.

"அண்ணன் கோவிச்சுக்கப் போறாரு அண்ணி."

"கோவம் அவருது, சோறு என்னுது. சாப்புடு."

அவர் எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. மிஷின்களுக்குப் பக்கத்தில் போய் நின்று, ஏதோ நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போதுதான் கேட்டார். "நெசமாவே தூசி கம்மிதானா? நாங்கதான் பெருசு பண்றோமா?"

"தெரியலை அண்ணி" என்றேன்.

உண்மையாகவே தெரியவில்லை. அதுதான் அன்றைய நாளின் மோசமான நேரம். சரியாக அளந்தால் எண் வரம்புக்குள் அடங்கிவிடுமோ என்ற பயம் அப்போதுதான் என்னைப் பிடித்தது. அடங்கிவிட்டால்? குழந்தையின் இளைப்பு பொய்யாகிவிடுமா? முந்திரிப் பூவில் படிந்தது மாவா? எண் சரியாக இருக்க வேண்டும் என்று ஒரு மனம். எண் பெரிதாக இருக்க வேண்டும் என்று இன்னொரு மனம். இரண்டுக்கும் நடுவே சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

சாயங்காலம் மோட்டார்களை நிறுத்தித் தாள்களை எடுத்தேன். காலையில் வெள்ளையாக வைத்த இரண்டும் ஒரே மாதிரி சாம்பல் நிறத்தில் இருந்தன. கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. எல்லார் எதிரிலும் உறையில் போட்டு ஒட்டினேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

ஊர் முகப்பில் அண்ணன் நின்றிருந்தார். கையில் அரிவாள். ஒரு கணம் எனக்குத் திக்கென்றது. அவர் என்னைப் பார்க்காமல் கம்பத்தில் ஏறி, பேனரின் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தார். அது சரிந்து மண்ணில் விழுந்தது. இறங்கி, நாலாக மடித்து, தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். தாள்களில் என்ன வரப்போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஓடிப்போய் அவர் கையைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. பஸ் வந்துவிட்டது.

தாள்களை எங்கள் ஆய்வகத்தில் இரண்டு தரப்பின் ஆட்களையும் வைத்துக்கொண்டுதான் எடை போட்டோம். இரண்டு மிஷின்களும் கிட்டத்தட்ட ஒரே முடிவைக் காட்டின. பேனரில் போட்டதைவிடக் கணிசமாகக் குறைவு. சுரங்கத்துக்காரர்கள் ரிப்போர்ட்டில் காட்டியதைவிட மிக மிக அதிகம். வரம்பைத் தெளிவாகத் தாண்டியிருந்தது. அந்த அதிகாரி இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்தார். மூன்றாம் முறை போடவில்லை. மிஷின் சரியில்லை என்று சொல்ல அவருக்கு வழியில்லை. குனிந்து பார்த்துச் சரி என்று சொன்னவர் அவர்தான்.

அதற்காக எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். லாரிகளுக்குத் தார்ப்பாய் வந்தது. ரோட்டுக்குத் தினமும் தண்ணீர் வந்தது, சில மாதங்கள் கழித்துச் சில நாள் வராமலும் போனது. ஊரைச் சுற்றி லாரிக்குத் தனி வழி போடுவதாகச் சொன்னார்கள், பாதி போட்டிருக்கிறார்கள். குழந்தை வளர்ந்துவிட்டாள். இளைப்பு குறைந்திருக்கிறது, போகவில்லை.

அண்ணன் என்னோடு பல மாதம் பேசவில்லை. பொங்கல் சீர் வந்தது, அவர் வரவில்லை, அண்ணிதான் கொண்டுவந்தார். நானும் போன் செய்யவில்லை. என்ன சொல்லிச் செய்வது என்று தெரியவில்லை. செய்தது சரி என்று தெரிந்தும், ஒவ்வொரு நாளும் ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி ஒரு குறுகுறுப்பு இருந்துகொண்டே இருந்தது. பிறகு ஒருநாள் வேலை நேரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. நலம் விசாரிக்கவில்லை.

"ஏ புள்ள, அந்த மிஷின மறுபடி வாங்கியாந்திருக்கோம். ஓட்டறதுக்கு முன்னாடி நீ ஒருதரம் வந்து பாத்துட்டுப் போ. நீ சரின்னு சொன்னாத்தான் ஓட்டுவேன்னு ஊர்ல சொல்லிட்டேன்."

வரேண்ணே என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகு ஆய்வகத்தின் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

நியாயம் நம் பக்கம் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிகிற நேரத்தில்தான் நம் அளவுகோலை நாம் சோதித்துப் பார்க்க மறந்துவிடுகிறோம் என்கிற பயம் அன்று எனக்குள் புகுந்தது. அது இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.